நாலாம் மாடியில் கதவு திறக்கும்போது

அந்த ஆஸ்பத்திரியில் மூன்றாம் நம்பர் லிஃப்டை இயக்குகிறவருக்கு நாலாம் மாடியில் மட்டும் மகா நல்ல பெயர். "எவ்வளவு பொறுமை பாருங்க, யாராவது மெதுவா நடந்து வந்தா கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறார்" என்று நோயாளிகளின் உறவினர்கள் சொல்வார்கள். காலில் கட்டோடு வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்து நன்றிகூடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் மாடிக்காரர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அங்கே அவர் யாருக்காகவும் கதவைப் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை. ஓடி வந்தாலும் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டு போய்விடுவார்.

விஷயம் வேறொன்றுமில்லை. நாலாம் மாடியில்தான் லிஃப்டுக்கு நேர் எதிரே பெரிய ஜன்னல் இருக்கிறது. மற்ற மாடிகளில் சுவர். லிஃப்டுக்குள் இரும்பு. கைபேசிக்குச் சிக்னல் எட்டிப் பார்ப்பது நாலாம் மாடியில் கதவு திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். அந்த நேரத்துக்குள் அவர் தன் வீட்டைப் பார்த்தாக வேண்டும்.

வீட்டில் அவருடைய சர்வர் ஓடுகிறது. சர்வர் என்றதும் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் கழித்துப்போட்டதை உரியவர்களிடம் கேட்டு வாங்கி, தோளில் தூக்கி வந்த பழைய கம்ப்யூட்டர் அது. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒரு பக்கத்து மூடியும் கிடையாது. முன்னறையில் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முகம் என்று ஒன்று இருந்தால், அது அவருடைய கைபேசியில் திறக்கும் ஒரு வெப் பக்கம்தான். அதில் வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பட்டை. பட்டை நிறைந்தால் அந்தச் சாமான் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நிறுத்தலாம், தொடரலாம், அழிக்கலாம், இது முதலில் வரட்டும், அது அப்புறம் வரட்டும் என்று உத்தரவு போடலாம். எங்கிருந்தும் போடலாம், சிக்னல் இருந்தால்.

ஆகவே அவர் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதல் தடவை நாலாம் மாடியில் கதவு திறக்கும்போது பக்கத்தைத் திறப்பார். மேலும் கீழும் போய்வந்து, அடுத்த தடவை திறக்கும்போது பொத்தானை அழுத்துவார். அதற்கடுத்த தடவை, சொன்னது நடந்ததா என்று பார்ப்பார். பக்கம் வந்து சேராவிட்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைத்தான் ஜனங்கள் பொறுமை என்றார்கள். தப்பும் இல்லை. பொறுமைதான், யாருக்காக என்பதில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம்.

இத்தனை பாடும் அக்காவுக்காக. பெற்றவர்கள் போன பிறகு அந்த வீட்டில் அக்காவும் தம்பியும்தான். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பார்வை போய்விட்டது. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்தவள் இல்லை. அஞ்சல்வழியில் பட்டம் வாங்கினாள். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். வாய் மட்டும் கத்தரிக்கோல். ஆசிரியர் வேலைக்கான தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் குழந்தை உளவியல் என்ற ஒரே தாளில் கோட்டை விட்டாள். மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்குமேல் வயது வரம்பு தாண்டிவிடும்.

தேறாமல் போனதற்குக் காரணம் அவளுடைய மூளை அல்ல, புத்தகம். அந்தத் தாளுக்கு உரிய தடிப் புத்தகம் அச்சில் தீர்ந்து நாளாகிவிட்டது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பன்னிரண்டு பாடமும் விடாமல் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து, பார்வையில்லாதவர்களுக்கென்று பொதுவில் விட்டிருந்தார். வைத்திருந்த தளம் மூடிப்போனது. மிச்சம் இருந்தது டோரன்ட் ஒன்றுதான். அதாவது, புத்தகம் ஆயிரக்கணக்கான துணுக்குகளாக யார் யார் கம்ப்யூட்டரிலோ கிடக்கும். இருப்பவர் கொடுப்பார், இல்லாதவர் வாங்குவார், வாங்கிக்கொண்டே தன்னிடம் உள்ளதைப் பிறருக்கும் கொடுப்பார். வந்து முடிந்ததும் பெரும்பாலானவர்கள் இணைப்பை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

லிஃப்ட்காரர் அதைத் தேடிப் பிடித்தபோது உலகத்திலேயே ஒரே ஒருவரிடம்தான் முழுப் புத்தகமும் இருந்தது. அந்த ஒருவரும் நினைத்தால் வருவார், நினைத்தால் போவார். பட்டை மாதக்கணக்கில் ஊர்ந்தது. தொண்ணூறைத் தாண்டியதும் படுத்துக்கொண்டது. லிஃப்ட்காரர் நாலாம் மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் வந்துவிட்டாரா என்று பார்ப்பதும், இல்லை என்றதும் முகம் தொங்கிப்போவதுமாக இருந்தார். அவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒரு நர்ஸ் ஆறுதல்கூடச் சொன்னாள். பிறகு ஒரு நாள் காலை பட்டை நிறைந்தது. கொடுத்தவர் அன்றைக்குப் போனவர்தான், அப்புறம் அவரைக் காணவே இல்லை.

அக்கா முதல் பாடத்தைக் கேட்ட அன்று தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். படித்தவர் வயதானவர்போலிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி, மடக் மடக் என்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். அக்கா அவருக்கு 'மடக் வாத்தியார்' என்று பேர் வைத்துவிட்டாள். அவளுடைய சின்ன ஒலிப்பெட்டி சர்வரிலிருந்து நேராக எடுத்துப் பாடும். காலையில் அவள் துணி மடிக்கும்போது மடக் வாத்தியார், சமைக்கும்போது மடக் வாத்தியார்.

இங்கேதான் நம் ஆள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். காரியம் ஆனதும் அவர் இணைப்பை நிறுத்தவில்லை. இனி முழுப் புத்தகம் தன்னிடம் மட்டும்தான் என்று அந்தப் பக்கமே காட்டியது. வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கீழ்வீட்டு ஏசி மெக்கானிக்குக்கு இது தாங்கவில்லை.

"வாங்கியாச்சுல்ல? அப்புறம் எதுக்கு அதை ஓடவிட்டு ஊருக்கெல்லாம் பந்தி வெக்கறீங்க?"

"நான் சாப்பிட்டதும் யாரோ வெச்ச பந்திதானே" என்றார் லிஃப்ட்காரர்.

வாங்க வந்தவர்கள் அதிகமில்லை. ஏழெட்டுப் பேர் முழுதாக வாங்கிக்கொண்டு போனார்கள். பேர் ஊர் தெரியாது. ஒரு நீள நம்பர், எத்தனை சதவீதம் வந்திருக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான் பக்கத்தில் தெரியும். வந்தவர்களில், இன்னும் முழுதாக வாங்கி முடிக்காத ஒருவரை மட்டும் அவர் மறக்க மாட்டார். முற்பகலில் வருவார், ஒரு மணி நேரம் போல இருப்பார், கையளவு வாங்குவார், போய்விடுவார். மறுநாள் மறுபடி. அப்படி ஒரு மெதுவான இணைப்பை லிஃப்ட்காரர் பார்த்ததில்லை. 'ஆமை' என்று பேர் வைத்தார்.

"ஆமை இன்னைக்கு வந்துச்சா?" என்று அக்கா சாயங்காலம் கேட்பாள்.

"வந்தது. அரை சதவீதம் நகர்ந்திருக்கு. யார் வீட்டு லைனையோ இரவல் வாங்கி வர்றாங்கபோல. பாவம்."

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கறே. தன் பிள்ளை தானே வளரும்னு கணக்காடா?"

"நம்மகிட்ட ஏதுக்கா பிள்ளை?"

"ஏன், நான் இல்லையா? இந்த வயசுல பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கிட்டு."

மத்தியானம் அக்காவுக்குப் போனில் பயிற்சி வகுப்பு இருக்கும். அந்த நேரம் சர்வர் முழு மூச்சில் கொடுத்தால் வகுப்பு விக்கும். ஆகவே வகுப்பு தொடங்கும்முன் லிஃப்டிலிருந்தே வேகத்தைக் குறைப்பார், முடிந்ததும் கூட்டுவார். ஒருநாள் தவறியதில்லை. ஸ்ட்ரெச்சரும் சக்கர நாற்காலியும் பூக்கூடையும் ஏற்றி இறக்குகிற வேலைக்கு நடுவில், அக்காவின் வகுப்பு, ஆமையின் பங்கு என்று இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஏறி இறங்கினார். இவரை மெச்சாமல் யாரை மெச்சுவது?

ஆனாலும் யானைக்கும் அடி சறுக்கும். தேர்வுக்கு இன்னும் பத்து நாள்போல இருந்தது. அக்கா எட்டுப் பாடம் முடித்திருந்தாள். பழைய கேள்விகளின் தொகுப்பு ஒன்று கிடைத்தது, அதையும் இறக்கிவிடலாம் என்று லிஃப்ட்காரர் வரிசையில் போட்டார். டிஸ்கில் இடமில்லை என்று பக்கம் சொன்னது. மெக்கானிக் ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் எட்டியே பார்க்காத இலவச கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை அழித்துவிட முடிவு செய்தார். வரிசையில் அதற்கு அடுத்துதான் குழந்தை உளவியல்.

நாலாம் மாடியில் கதவு திறந்தது. விளையாட்டைத் தொட்டார். 'கோப்புகளோடு சேர்த்து அழி' என்பதை அழுத்தினார். உள்ளே ஒரு குடும்பமே ஏறியது. பின்னாலிருந்து ஒருவர் "போலாங்க, டாக்டர் கிளம்பிடுவார்" என்று அவசரப்படுத்தினார். கதவு மூடிக்கொண்டது. பக்கம் அப்படியே உறைந்து நின்றது. உத்தரவு போயிற்றா இல்லையா தெரியவில்லை. அடுத்த தடவை நாலாம் மாடி வந்ததும், போகவில்லை என்றே முடிவு கட்டி, அதே இடத்தில் மறுபடி அழுத்தினார். நிஜமாகவா என்று பக்கம் கேட்டது. படிக்காமல் ஆமாம் என்றார்.

முதல் உத்தரவு முதலிலேயே போயிருந்தது. விளையாட்டு அழிந்து, கீழே இருந்தது ஒரு படி மேலே ஏறி, அது இருந்த இடத்தில் நின்றிருந்தது. இரண்டாவது உத்தரவு அதன்மேல் விழுந்தது. மூன்றாம் தடவை கதவு திறந்தபோது வரிசையில் புத்தகத்தைக் காணவில்லை. காலியான இடத்தில் கேள்வித் தொகுப்பு மளமளவென்று வந்து நிறைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தினார். லிஃப்டை யார் கூப்பிட்டாலும் கேட்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவரிடம் ஓடிப்போய்க் கேட்டார். "அதுமேலயே புதுசு வந்து விழுந்திருக்கும். கஷ்டம்தான். வேற காப்பி இல்லையா?" என்றார் அவர். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தவர் தனக்கென்று ஒன்று எடுத்து வைக்கவில்லை. இடமும் இல்லை, நினைப்பும் இல்லை.

வீட்டுக்குள் காலை வைத்ததும் அக்கா கேட்டாள். "ஏண்டா, மத்தியானத்துலேர்ந்து பெட்டி பேச்சே இல்லாம கிடக்கு?"

பக்கத்தைப் பார்ப்பது தம்பி என்றால், செருப்பு ஸ்டாண்டின் மேலிருக்கும் பெட்டியைக் கேட்பது அக்கா. கொடுக்கும்போது உள்ளே டிஸ்க் மெல்ல டிக் டிக் என்னும், அது அவளுக்கு அத்துப்படி. லிஃப்ட்காரர் மழுப்பவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். "பதறாத காரியம் சிதறாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நீ குடுத்தியே, எத்தனை பேருக்கு?"

"முழுசா ஏழெட்டுப் பேருக்கு."

"அவங்ககிட்ட கேளு."

"அவங்கல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிட்டாங்கக்கா."

"எல்லாருமா?" என்றாள் அக்கா.

மறுபடி அதே சுட்டியைக் கொடுத்து, பட்டையைச் சைபரிலிருந்து ஆரம்பித்தார். முதல் நாள் ஈ காக்கை வரவில்லை. சாயங்காலம் கடையில் ஒரு கைடு வாங்கி வந்து தானே வாசித்துக்காட்டினார். இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் நாலு கொட்டாவி. "நிறுத்துடா. நீ படிக்கறதைக் கேட்டா எந்தக் குழந்தைக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்னே தோணல" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் ஒருவர் வந்தார். அதற்கடுத்த நாள் இன்னொருவர். இருவரிடமும் பாதி பாதிதான் இருந்தது, இருந்தாலும் கொடுத்தார்கள். லிஃப்ட்காரர் இந்த முறை ஒவ்வொரு பொத்தானையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தொட்டார். அக்கா கேட்டு முடித்த எட்டுப் பாடமும் அப்புறம் வரட்டும், ஒன்பதாவதிலிருந்து முதலில் வரட்டும் என்று உத்தரவு போட்டார். ஒன்பது வந்தது, பத்து வந்தது. பதினொன்றும் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தது. மடக் வாத்தியார் மறுபடி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பன்னிரண்டில் மட்டும் ஒரு துணுக்கும் அந்த இருவரிடமும் இல்லை. கற்றலில் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றிய பாடம் அது. அக்கா இரண்டு தடவையும் வழுக்கி விழுந்த இடமும் அதுதான்.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, முற்பகலில், நாலாம் மாடியில் கதவு திறந்தது. பக்கத்தில், புத்தகம் அழிந்த நாளிலிருந்து கண்ணில் படாதிருந்த ஒரு பழைய நம்பர். ஆமை. தொண்ணூற்றேழு சதவீதம் வைத்திருந்தது, அதில் பன்னிரண்டாம் பாடம் முழுதாக இருந்தது. லிஃப்ட்காரர் உள்ளே ஏறியவர்கள் எந்த மாடி கேட்டார்கள் என்பதையே மறந்துபோய், அத்தனை பேரையும் மொட்டை மாடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சந்தோஷம் கீழே இறங்கி வருவதற்குள் வடிந்துவிட்டது. ஆமை வாங்கும்போது மட்டும் ஆமை இல்லை, கொடுக்கும்போதும் ஆமைதான். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால், அந்தப் பாடம் தேர்வு முடிந்து ஒன்றரை மாதம் கழித்துத்தான் வந்து சேரும். மனக்கணக்குப் போட்டபடி இறங்கினார், ஏறினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்தது. ஆமை இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஜன்னலருகே போய் நின்று பார்த்தார். இருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போதும் இருந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பார்த்தார். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்து, சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தது.

"இது ஒரு நாளும் இப்படி இருந்ததில்லையேக்கா. என்ன ஆச்சு அதுக்கு?"

அக்காவுக்கு அதில் புதிர் ஒன்றும் இல்லை. "உனக்கு அவங்க நம்பர் தெரியற மாதிரி அவங்களுக்கும் உன் நம்பர் தெரியும்ல? இத்தனை நாளா நூறுன்னு நின்ன வீடு திடீர்னு பாதிகூட இல்லாம நின்னா, அங்க இருக்கறவங்களுக்குப் புரியாதா? கொடுத்த கைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சிருக்கும். அதான் போகாம இருக்காங்க."

லிஃப்ட்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகம் கழுவப் போனவர் வெகுநேரம் கழுவினார்.

பன்னிரண்டாம் பாடம் தேர்வுக்கு முந்தின நாள் காலையில் வந்து சேர்ந்தது. அக்கா ஒலிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சமையலை அவர் தலையில் கட்டிவிட்டு, ஒரே மூச்சாகக் கேட்டாள். அவர் கிளறியது அடிபிடித்தது. அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள், அவ்வளவு கவனம்.

அவருக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. பாதி பாதி வைத்திருந்த இருவரிடமிருந்து முதல் எட்டுப் பாடமும் இதற்குள் வந்து சேர்ந்திருந்தது; ஆமையிடம் இல்லாத மூன்று சதவீதம் அதில்தான் இருந்தது. அவர்கள் வரும் நேரமும் ஆமை வரும் நேரமும் இதுவரை ஒத்துப்போனதே இல்லை. அன்று அக்காவுக்கு வகுப்பும் இல்லை. வேகத்துக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, உள்ளதையெல்லாம் ஆமைக்கு விட்டார். அது தன் வேகத்தில்தான் வாங்கியது.

தேர்வு நாளன்று லீவு கிடைக்கவில்லை. அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு லிஃப்டுக்கு வந்தார். மத்தியானம் நாலாம் மாடியில் கதவு திறந்ததும் கைபேசி அடித்தது.

"முடிச்சுட்டேன்டா. பன்னெண்டாவது பாடத்துலேர்ந்து மூணு கேள்வி. எனக்காக எழுதறதுக்கு வந்த பொண்ணு, மெதுவா சொல்லுங்க, கை வலிக்குதுன்னுச்சு."

"எப்படி எழுதியிருக்கே?"

"ரிசல்ட் வரட்டும். ஆனா எழுதும்போது மடக் மடக்னு தண்ணி குடிச்சேன், அதைச் சொல்லிடறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆமை?"

"இரு, பார்க்கறேன்."

பக்கத்தைத் திறந்தார். சுற்றிச் சுற்றி வந்தது, லேசில் வரவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியம்மா வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். லிஃப்ட்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். பக்கம் வந்தது. அக்காவின் புத்தகத்துக்கு நேரே, முழுதாக வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் என்று இருந்தது. ஒன்று தன் வீடு. இன்னொன்று ஆமை, நூறு சதவீதம். அதற்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது, போயிருக்கலாம். கீழே புதிதாக ஒரு நம்பர் சைபரில் வந்து நின்றது. அதற்கு ஆமை கொடுக்க ஆரம்பித்திருந்தது.

"போகலக்கா. குடுத்துக்கிட்டு இருக்கு."

 அக்கா போனை வைக்கவில்லை. பெரியம்மா இன்னும் பாதி தூரம்கூட வந்து சேரவில்லை. உள்ளே இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மெதுவா வாங்க, நான் நிக்கறேன்" என்றார்.